வி.வி.டி. இருக்கட்டுமா, போகட்டுமா?

எஞ்சின் ஒருவழியாக உள்ளே உட்கார்ந்துவிட்டது. போல்ட்டெல்லாம் முறுக்கியாயிற்று. தண்ணீர்க் குழாய், பெட்ரோல் குழாய், பேட்டரி வயர் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரே ஒரு சாக்கெட் மட்டும் எஞ்சின் தலையில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதில் செருகுவதற்கு வண்டியில் வயரே இல்லை.

"இது எதுக்கு?" என்று கேட்டார் நூலகர்.

"அது எதுக்கும் இல்ல சார். விடுங்க" என்றார் மெக்கானிக் ஸ்பேனர்.

"ஐயையோ! அதுதான் அத்தான் எல்லாத்துக்கும்!" என்று மச்சான் குதித்தான்.

நூலகர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் ஊரிலிருந்து வருகிறார். கார் அவருடையது. கொட்டகை அவருடையது. உள்ளே உட்கார்ந்திருக்கும் எஞ்சின் மட்டும் அவருடையது இல்லை.

இதில் யார் மேல் குற்றம் என்று கேட்டால், ஒரு வார்த்தையின் மேல்தான் சொல்லவேண்டும். மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட ஆள் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதே கிடையாது. 'லைப்ரரி சார்' என்பார். "லைப்ரரி சாருக்குக் காபி கொடு." "லைப்ரரி சாருக்கு ஃபேனைப் போடு." மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மரியாதையே ஒரு வேலி. நூலகரும் அந்த வேலிக்கு வெளியிலேயே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட மனுஷன் மாமியாரோடு வெளியூர் கிளம்பும்போது, கார்ச் சாவியையும் கொட்டகைச் சாவியையும் நூலகர் கையில் வைத்து அழுத்தி, "பத்திரமாப் பார்த்துக்கோங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். நூலகருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு நூலகத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தபோதுகூட அவர் அதட்டவில்லை. மறுநாள் மனைவியை ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளை என்கிற முறையில், மலைப்பாதையில் காரை ஓட்டினார். பாதி வழியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. இவ்வளவு பழைய வண்டியில் இன்னும் விளக்கெல்லாம் எரிகிறதே என்று ரசித்தார். முன்னால் புகை வந்தபோதுதான் ரசனை போயிற்று. தண்ணீர் வற்றி, சூடேறி, எஞ்சினின் தலை பிளந்தே போய்விட்டது.

"உங்கப்பாகிட்டச் சொல்லிடலாமா?" என்றார் மனைவியிடம்.

"சொல்லுங்க. ஆனா நான் ஊர்ல இல்லாத நாளாப் பார்த்துச் சொல்லுங்க."

மாமனாருக்கு அந்த வண்டிமேல் உயிர். தினமும் காலையில் பானெட்டில் காதை வைத்துக் கேட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் சளி பிடிச்சிருக்கு" என்பார். தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து, யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். ஆகவே ஓடுகிற எஞ்சின் போதாது. அதே மாதிரி இருமுகிற எஞ்சின் வேண்டும்.

ஸ்பேனர் என்பது அடுத்த தெருப் பட்டறைக்காரர். நல்ல மனுஷர், பழைய காலத்து ஆள். வயரைக் கண்டால் ஆகாது. மச்சான் என்பது மனைவியின் தம்பி. செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். வயரைத் தவிர வேறெதையும் கண்டால் ஆகாது. இருவரையும் ஒரே கொட்டகைக்குள் விட்டதுதான் நூலகர் செய்த இரண்டாவது தப்பு.

எங்கேயோ மோதி நசுங்கிய ஒரு புதுக் காரிலிருந்து ஸ்பேனர் எஞ்சினைப் பிடித்து வந்தார். "அதே கம்பெனி சார். அண்ணன் தம்பி மாதிரி. அச்சா உட்காரும்" என்றார். உட்கார்ந்தது. ஆனால் தம்பி கொஞ்சம் அதிகம் படித்தவன். அதில் வி.வி.டி. இருந்தது.

"நான் சொல்றதைக் கேளுங்க அத்தான்" என்று மச்சான் ஆரம்பித்தான். "வால்வுங்கறது எஞ்சினோட மூக்கு. பழைய எஞ்சின் மெதுவாப் போனாலும் வேகமாப் போனாலும் ஒரே மாதிரிதான் மூச்சு விடும். இதுல அப்படி இல்ல. வேகத்துக்குத் தகுந்த மாதிரி வால்வு திறக்கற நேரத்தையே மாத்திக்கும். நடக்கும்போது ஒரு மூச்சு, ஓடும்போது ஒரு மூச்சு. அதுதான் வி.வி.டி. இதைப்போய் விடுங்கறாரே, இவருக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?"

"மாத்தச் சொல்லி உத்தரவு போட ஒரு கம்ப்யூட்டர் வேணும் தம்பி. இந்த வண்டியில இருக்கற பெட்டிக்கு அந்தச் சமாச்சாரமே தெரியாது" என்றார் ஸ்பேனர். "பேசாம வி.வி.டி. சக்கரத்தைக் கழட்டிட்டு, பழைய எஞ்சினோட சாதா பல்சக்கரத்தைப் போட்டா ஜோலி முடிஞ்சுது."

"ரெண்டும் வேண்டாம். இப்படியே இருக்கட்டும்" என்று நூலகர் தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேர் ஒரே புத்தகத்துக்குச் சண்டை போட்டால் அதை யாருக்கும் கொடுக்காமல் அலமாரியில் வைத்துப் பழகிய கை.

ஸ்டார்ட் செய்தார்கள். கடகடகடவென்று தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டுகிற சத்தம். உத்தரவு கொடுக்க ஆளில்லாத வி.வி.டி. சக்கரம் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கிளட்சை விட்டால் வண்டி வாசல் மேட்டில்கூட ஏறவில்லை.

எதிர்வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னங்க, கொட்டகையில மாவு மில் வச்சிருக்கீங்களா?"

"பார்த்தீங்களா அத்தான், மானம் போகுது" என்றான் மச்சான். "அந்த நசுங்கின காரோட கம்ப்யூட்டரையே கொண்டுவந்து வச்சிடறேன். அதுக்கு எல்லாம் தெரியும்."

கொண்டுவந்தான். கூடவே ஒரு கூடை வயரும் கொண்டுவந்தான். ஒரு நாள் பூராவும் ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்துக்கொண்டு, தனக்குத் தானே பேசிக்கொண்டு, எல்லாவற்றையும் இணைத்தான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் செத்த பிணமாகக் கிடந்தது.

"அந்தப் பெட்டிக்குத் தன்னோட சாவியை மட்டும்தான் அடையாளம் தெரியும். இது வேத்தாள்னு பேசாம இருக்கு" என்று மச்சான் தலையைச் சொறிந்தான்.

"எங்க மாமனார் மாதிரி" என்றார் நூலகர்.

ஸ்பேனர் முனகிக்கொண்டே போய், நசுங்கிய காரின் சாவியைத் தேடிப்பிடித்து வந்தார். அதை ஸ்டியரிங் உறைக்குள்ளே டேப் போட்டு ஒட்டினார்கள். மாமனாரின் சாவியைத் திருப்பினார்கள்.

எஞ்சின் 'ம்' என்றது. அவ்வளவுதான். கடகட இல்லை, இருமல் இல்லை. பானெட்டின் மேல் வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் ஒரு சுழிகூட இல்லை.

"ஏறுங்க அத்தான், ஏறுங்க!"

மூவரும் ஏறினார்கள். தெருவில் வண்டி சாதுவாகத்தான் போயிற்று. பெரிய சாலையில் திரும்பியதும் நூலகர் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார். பிறகு இன்னும் கொஞ்சம். எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் முள் நடுவைத் தாண்டியதும் எஞ்சினின் குரலே மாறியது. யாரோ பின்னாலிருந்து நெட்டித் தள்ளியதுபோல வண்டி பாய்ந்தது. நூலகரின் மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது.

வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே உதட்டில் விரலை வைக்கிற மனுஷன் அவர். "ஆஹா! அடடா! போடு! போடு!" என்று கத்தினார். எதிரே வந்த சைக்கிள்காரருக்குக் கையாட்டினார். மேட்டுச் சாலையில் முன்னால் போன பஸ்ஸை முந்தினார். முந்தியது போதாதென்று, திரும்பி வந்து அதே மேட்டில் இன்னொரு பஸ்ஸையும் முந்தினார். உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வயசுக்கு இந்தச் சந்தோஷம் இருப்பதே தெரியாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தார்.

"என்ன அத்தான், வி.வி.டி. இருக்கட்டுமா, போகட்டுமா?"

"இதைக் கழட்டணும்னு எவன் சொன்னாலும் அவன் கையைக் கழட்டு!"

கழட்டச் சொன்ன ஸ்பேனர் பின்சீட்டில்தான் இருந்தார். அவரும் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மனைவி காத்திருந்த கொட்டகைக்குள் வண்டியை விடும்போது போன் அடித்தது. மாமனார்!

"மாப்பிள்ளை, வண்டி எப்படி இருக்கு?"

"இருக்கு மாமா. நின்னது நின்னபடி அப்படியே இருக்கு."

"ஒண்ணு பண்ணுங்க. கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க. போனைப் பக்கத்துல வச்சு ஒரு தடவை முறுக்குங்க. என்னமோ கேட்கணும்போல இருக்கு."

நூலகர் திருதிருவென்று விழித்தார். மச்சான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினான். வேறு வழி? சாவியைத் திருப்பினார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கொட்டகை முழுக்கத் தேனாகப் பாடியது அந்த எஞ்சின்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா?"

"இது... நம்ம வண்டியா மாப்பிள்ளை?" மாமனாரின் குரல் கரகரத்தது. "வாங்கின அன்னிக்குக்கூட இப்படி ஓடலையே... என்ன செய்வேன் நான்... சரி, வச்சிடறேன்."

லைன் கட்டாகிவிட்டது. நூலகர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டார்!"

"அப்பா குரல் உடைஞ்சு நான் கேட்டதே இல்ல" என்றாள் மனைவி. அவள் கண்ணிலும் பயம் தெரிந்தது. "எனக்குக் கல்யாணம் ஆகி நான் கிளம்பினப்போகூட, 'சரி, போயிட்டு வா'ன்னுதான் சொன்னாரு."

"நான் அப்பவே சொன்னேன். இதைக் கழட்டிப் பழைய சக்கரத்தைப் போட்டா பழைய சத்தம் வரும். போன்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிச் சமாளிச்சிடலாம்" என்றார் ஸ்பேனர். அவர் கையில் கருவி ஏற்கெனவே வந்திருந்தது.

நூலகர் மேட்டுச் சாலையை நினைத்தார். பஸ்ஸை நினைத்தார். பிறகு 'மாப்பிள்ளை' என்ற வார்த்தையை நினைத்தார். "கழட்டுங்க" என்றார்.

வி.வி.டி. சக்கரம் வெளியே வந்தது. சாதா பல்சக்கரம் உள்ளே போயிற்று. பழைய கம்ப்யூட்டரும் தன் இடத்துக்குத் திரும்பியது. மச்சான் கோபித்துக்கொண்டு கொட்டகை மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்தார்கள்.

டுமீல்!

சைலன்சரிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. எஞ்சின் இருமியது, விக்கியது, மறுபடியும் டுமீல் என்றது. எதிர்வீட்டு அம்மா இந்தத் தடவை தலையை நீட்டவில்லை. அவள் வீட்டுக் கதவுதான் படாரென்று சாத்திக்கொண்டது.

"எப்படி இருக்கு? பழைய சத்தம் மாதிரி இருக்கா?" என்று நூலகர் மனைவியைக் கேட்டார். அந்தச் சத்தத்தோடேயே வளர்ந்தவள் அவள் ஒருத்திதான்.

"அப்பா வண்டி இருமும். இது உயில் எழுதுது" என்றாள் மனைவி.

பல்சக்கரத்தைச் செயினில் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தார் ஸ்பேனர். "கண்ணாடி எடுத்துட்டு வரல சார்" என்று வழிந்துகொண்டே மறுபடி பிரித்து மாட்டினார். இப்போது டுமீல் நின்றது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு, பானெட்டில் காதை வைத்து, அப்பாவைப் போலவே கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் நடுங்கணும்."

ஸ்பேனர் திருகினார்.

"போதும், போதும்! இப்ப ஒரு சளி வேணும். ஆங், அந்தக் கரகர! இதேதான்! இதேதான் எங்கப்பா வண்டி!"

ஒரு நல்ல எஞ்சினை இவ்வளவு பாடுபட்டுக் கெடுத்துவிட்டு நான்கு பேரும் கைதட்டினார்கள். மச்சானும் கோபத்தை மறந்து தட்டிவிட்டான். பிறகு நூலகர் வண்டியை வெளியே எடுத்தார். பெரிய சாலைக்குப் போனார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முள் நடுவைத் தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. மேட்டில் ஒரு பால் வண்டி அவரை முந்திக்கொண்டு போயிற்று.

திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"முடியலைம்மா. அதை ஒரு தடவை ஓட்டினதுக்கு அப்புறம் இதை ஓட்ட முடியலை."

"நான் சொன்னேனா இல்லையா!" என்றான் மச்சான்.

"சொன்னே, சொன்னே! உங்கப்பா வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவே?" என்றார் ஸ்பேனர்.

"வயரைப் பார்த்தா பயப்படற ஆளுக்கெல்லாம்..."

"பல்சக்கரத்துக்கு எத்தனை பல்லுன்னு தெரியாத ஆளுக்கெல்லாம்..."

"சத்தம் போடாதீங்க!"

நூலகர் போட்ட சத்தத்தில் ஸ்பேனர் கையிலிருந்த கருவி கீழே விழுந்தது. இத்தனை வருஷம் கிசுகிசுப்பாகவே சொல்லிவந்ததை அவர் முதல் தடவையாகத் தொண்டை கிழியச் சொன்னார். அவருக்கே அது பிடித்திருந்தது.

"வி.வி.டி.யும் இருக்கணும். மாமாவுக்கும் தெரியக்கூடாது. மச்சான், ஒரு சுவிட்ச் வை. கீழே தட்டினா வி.வி.டி. தூங்கணும். மேலே தட்டினா முழிச்சுக்கணும். மாமா இருக்கும்போது தூங்கட்டும். அவர் அந்தண்டை போனதும் நான் எழுப்பிக்கறேன்."

ஸ்பேனர் கீழே விழுந்த கருவியை எடுத்துக்கொண்டார்.

"அத்தான்..." மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க எங்கேயோ இருக்க வேண்டிய ஆளு."

அதற்குப் பிறகு அவர்கள் வேலை செய்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே! ஸ்பேனர் வி.வி.டி. சக்கரத்தைப் பிரித்து, உள்ளே தேய்ந்துபோயிருந்த பூட்டு ஊசிக்குப் பதில் புதிது போட்டு, மறுபடி எஞ்சினில் மாட்டினார். இனி உத்தரவு இல்லாவிட்டாலும் அது கடகடக்காமல் கம்மென்று இருக்கும். மச்சான் புதுக் கம்ப்யூட்டரை மறுபடி வைத்து, சுவிட்ச் அணைந்திருக்கும்போது அது சந்தேகப்படாமல் இருப்பதற்கு ஒரு பொய் இணைப்பும் கொடுத்தான். "கம்ப்யூட்டரையே ஏமாத்தறியா? பலே!" என்று ஸ்பேனர் அவன் முதுகில் தட்டினார். சுவிட்ச் கீழே இருக்கும்போது மட்டும் வரவேண்டிய சளிக்கும் நடுக்கத்துக்கும் மனைவி பொறுப்பேற்றுக்கொண்டாள். நூலகர் எல்லோருக்கும் காபி போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை.

கீழே தட்டினால் மாமனாரின் கிழட்டு வண்டி. மேலே தட்டினால் பஸ்ஸை முந்துகிற ராட்சசன். ஸ்டியரிங்குக்கு அடியில், முழங்காலுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச். ஆளாளுக்கு அதைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளாகச் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து மாமனாரும் மாமியாரும் இறங்கினார்கள். பின்னால் தார்ப்பாய் போட்டு எதையோ மூடியிருந்தது. அதையெல்லாம் பார்க்கிற நிலையில் நூலகர் இல்லை. மாமனார் வீட்டுக்குள் போகாமல் நேரே கொட்டகைக்குத்தான் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

நூலகர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, நடுங்கியது, கரகரத்தது. மாமனார் குனிந்து பானெட்டில் காதை வைத்தார். மச்சான் சுவரைப் பார்த்தான். ஸ்பேனர் கூரையைப் பார்த்தார். மனைவி அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"இதுதானே!" மாமனார் நிமிர்ந்தார். நெஞ்சில் கையை வைத்து மூச்சுவிட்டார். "இதேதான். அன்னிக்குப் போன்ல கேட்டது என்னமோ என் பிரமை போல. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. இப்பத்தான் மனசு லேசாச்சு. கொஞ்சம் முறுக்குங்க பார்ப்போம்."

நூலகர் சந்தோஷத்தில் துள்ளிக் காலைத் தூக்கினார். தூக்கிய காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அதற்குள் முழங்கால் சுவிட்சை மேலே தட்டியிருந்தது.

எஞ்சின் பாடியது! இருமலும் போயிற்று, சளியும் போயிற்று. முள் நடுவைத் தாண்டி எகிறியது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. மாமனார் இரண்டடி பின்னால் துள்ளினார்.

நூலகர் எஞ்சினை அணைத்தார். இறங்கினார். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

"மாமா, பழைய எஞ்சினை நான்தான் கெடுத்தேன். சூடேத்திட்டேன். இது வேற எஞ்சின். இதுல வி.வி.டி.ன்னு ஒண்ணு இருக்கு. இருக்கட்டும்னா இருக்கட்டும், கழட்டச் சொன்னா இப்பவே கழட்டிடறேன். ஆனா ஒண்ணு மாமா... ஒரே ஒரு தடவை மேட்டுல ஓட்டிப் பாருங்க. எனக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டா சொர்க்கத்துல இருக்கற மாதிரி இருக்கு. அதுக்கப்புறம் என்னை நீங்க எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க."

மாமனார் எஞ்சினைப் பார்த்தார். நூலகரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். எச்சிலை விழுங்கினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வரப்போவது 'மாப்பிள்ளை'யா, 'லைப்ரரி சாரா' என்று நூலகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் தார்ப்பாயை உருவிக்கொண்டே லாரி டிரைவர் குரல் கொடுத்தான்.

"பெரியவரே, 'எங்க மாப்பிள்ளைக்குச் சத்தமே ஆகாது, எஞ்சினைத் தூக்கிக் கடாசிட்டு கரண்ட் மோட்டார் வச்சு வண்டிய அவருக்கே கொடுத்துடப் போறேன்'னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தீங்களே, இந்த மோட்டாரை எங்க இறக்கட்டும்?"